எக்மோ சிகிச்சையில் உயிர்பிழைக்கும் வாய்ப்பை எப்படிக் கணிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மருத்துவர் ஒரு சதவீதத்தைச் சொல்லியிருப்பார். அது எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்காது. நுரையீரல் செயலிழந்த பெரியவர்களுக்குச் செய்யப்படும் எக்மோ சிகிச்சையையும், அதில் பிழைப்பவர் யார் என்று கணிக்கும் முறைகளையும் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டுவிட்டேன்.

எக்மோ என்றால் என்ன? அதுதான் வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்களே, அது போதாதா?

வென்டிலேட்டர் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும் கருவி. உள்ளே போன காற்றிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்தில் சேர்ப்பதும், ரத்தத்திலுள்ள கரியமில வாயுவை வெளியேற்றுவதும் நுரையீரலின் வேலை. நுரையீரலின் நுண்ணறைகள் நீர் கோத்தும் வீங்கியும் கிடக்கும்போது, எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளினாலும் பயன் இருக்காது. அந்த அழுத்தமே எஞ்சியிருக்கும் நல்ல பகுதியையும் கிழித்துவிடக்கூடும்.

எக்மோ கருவி, தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் செருகிய குழாய் வழியாக நிமிடத்துக்கு 4 முதல் 6 லிட்டர் வரை ரத்தத்தை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வு இழைகளால் ஆன ஆக்சிஜனேட்டருக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, மீண்டும் சிரைக்குள்ளேயே விடுகிறது. அந்த நாட்களில் வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் குறைத்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கலாம். எக்மோ நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானாகவோ மருந்தாலோ குணமாவதற்கு வேண்டிய அவகாசத்தைத்தான் அது தருகிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

எந்தக் கட்டத்தில் எக்மோ வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்?

வென்டிலேட்டரைச் சரியான அளவில் அமைத்து, தசைத் தளர்வு மருந்து கொடுத்து, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்த பிறகும் ஆக்சிஜன் ஏறாவிட்டால் எக்மோவைப் பற்றி யோசிப்பார்கள். 2018இல் வெளியான எயோலியா என்ற ஆய்வின் அளவுகோல்கள் பல மருத்துவமனைகளில் வழிகாட்டியாக உள்ளன. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கப்படும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் வரும் எண் 50க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல் இருப்பது, அல்லது 80க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் இருப்பது. அல்லது ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. (பாதரச அளவில்) அல்லது அதற்கு மேல் எட்டி, ரத்தத்தின் பிஎச் (அமிலம் ஏற ஏறக் குறையும் எண்) 7.25க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் நிற்பது. ஆரோக்கியமானவருக்கு அந்த முதல் எண் 400க்கு மேல் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் நிலைமையின் தீவிரம் புரியும்.

எக்மோ வைத்தால் யாரும் திரும்பி வருவதில்லை என்கிறார்களே?

தமிழ்நாட்டில் இந்தச் சொல் பலருக்கு அறிமுகமானது இரண்டு மரணங்களின் வழியாக. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும், 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் எக்மோ வைக்கப்பட்ட செய்தியை நாடே கவனித்துக்கொண்டிருந்தது, இருவருமே மீளவில்லை. அதனால் எக்மோ என்றாலே கடைசிக் கட்டம் என்ற அச்சம் ஊன்றிவிட்டது. அந்த அச்சத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருவரின் நிலைமையும் வேறுவேறு என்பதைச் சொல்ல வேண்டும். முதலாமவருக்கு இதயத் துடிப்பு நின்ற பிறகு, இதயத்துக்கும் சேர்த்துத் துணை செய்யும் வகையில் வைக்கப்பட்டது. இரண்டாமவர் 74 வயதில் கோவிட் தொற்றுக்கு ஆளானவர். நுரையீரலுக்கு மட்டுமான எக்மோவின் கணக்கை இதய எக்மோவின் கணக்கோடு கலக்கவே கூடாது.

மொத்தக் கணக்கு வேறு படத்தைக் காட்டுகிறது. 2000 முதல் 2012 வரை நுரையீரல் செயலிழப்புக்காக எக்மோ பெற்ற 2,355 பெரியவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 57 சதவீதம் பேர் உயிருடன் மருத்துவமனையிலிருந்து வெளியேறியிருந்தார்கள். பிழைத்து வீடு திரும்புபவர்களைப் பற்றிப் பெரும்பாலும் செய்தி வருவதில்லை.

தொடக்க காலத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லை. 1971இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டொனால்ட் ஹில் குழுவினர், விபத்தில் காயமுற்ற 24 வயது இளைஞர் ஒருவரைச் செயற்கை நுரையீரலோடு 75 மணி நேரம் இணைத்துக் காப்பாற்றினார்கள். பெரியவர் ஒருவர் இம்முறையில் பிழைத்தது அதுவே முதல்முறை. ஆனால் 1979இல் 90 நோயாளிகளைக் கொண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், எக்மோ வைத்தவர்களிலும் வைக்காதவர்களிலும் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதன் பிறகு பெரியவர்களுக்கான எக்மோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒதுங்கியே இருந்தது. 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலின்போதுதான் அது மீண்டும் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

பிழைப்பாரா மாட்டாரா என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. அதிகம் பயன்படுவது ரெஸ்ப் மதிப்பெண். மாத்யூ ஷ்மிட் என்ற மருத்துவரின் குழு 2014இல் அதை வெளியிட்டது. எல்சோ என்பது எக்மோ மையங்கள் ஒன்றுசேர்ந்து 1989இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு. உறுப்பு மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளின் விவரங்களை அதன் பதிவேட்டில் சேர்க்கின்றன. மேலே சொன்ன 2,355 பேரும் அந்தப் பதிவேட்டில் இருந்தவர்களே. எக்மோ தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருந்த தகவல்களில் எவையெல்லாம் பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் பிரித்துக் காட்டுகின்றன என்று தேடி, பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

கூட்டுத்தொகை மிகக் குறைந்தபட்சம் -22 ஆகவும், அதிகபட்சம் 15 ஆகவும் வரலாம். 6 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 92 சதவீதமும், 3 முதல் 5 வரை பெற்றவர்களில் 76 சதவீதமும், -1 முதல் 2 வரை பெற்றவர்களில் 57 சதவீதமும், -5 முதல் -2 வரை பெற்றவர்களில் 33 சதவீதமும், -6 அல்லது அதற்குக் கீழே பெற்றவர்களில் 18 சதவீதமும் பிழைத்தார்கள்.

அந்தப் பன்னிரண்டில் என்னென்ன வருகின்றன?

வயது 50 முதல் 59 வரை என்றால் 2 குறையும். 60 அல்லது அதற்கு மேல் என்றால் 3 குறையும். புற்றுநோய், உறுப்பு மாற்று, எச்ஐவி, கல்லீரல் சுருக்கம் போன்றவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தால் 2 குறையும். எக்மோவுக்கு முன் வென்டிலேட்டரில் 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்திருந்தால் 3 கூடும். ஏழு நாட்கள் வரை என்றால் 1 கூடும். அதற்கு மேல் என்றால் எதுவும் கூடாது. நோய்க்குத் தக்கபடியும் மதிப்பெண் மாறும்: வைரஸ் நிமோனியா, பாக்டீரியா நிமோனியா, விபத்துக் காயம் அல்லது தீக்காயம் ஆகியவற்றுக்கு 3, உணவோ வாந்தியோ புரையேறி நுரையீரலுக்குள் போனதால் வந்த பாதிப்புக்கு 5, ஆஸ்துமாவுக்கு 11, பிற திடீர் நுரையீரல் நோய்களுக்கு 1.

கழித்தல்களில் பெரியது மூளை சார்ந்தது. பக்கவாதம், தலைக்காயம், வலிப்பு, மூளையின் செயல்பாடு குன்றிய நிலை (என்செஃபலோபதி) ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 7 குறைகிறது. நுரையீரல் அல்லாத வேறிடத்தில் புதிய தொற்று இருந்தால் 3, எக்மோவுக்கு முன் இதயத் துடிப்பு நின்றிருந்தால் 2, ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் பைகார்பனேட் மருந்து ஏற்றியிருந்தால் 2, நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்திருந்தால் 1, கரியமில வாயு 75 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 1, வென்டிலேட்டரின் உச்ச அழுத்தம் 42 செ.மீ. (நீர் அளவில்) அல்லது அதற்கு மேல் என்றால் 1 குறையும். தசைத் தளர்வு மருந்து கொடுத்திருந்தால் 1 கூடும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன்?

38 வயதுடைய ஒருவருக்கு வைரஸ் நிமோனியா என்று கொள்வோம். வென்டிலேட்டர் வைத்து ஒரு நாள்தான் ஆகிறது. தசைத் தளர்வு மருந்து ஓடுகிறது. உச்ச அழுத்தம் 44. கரியமில வாயு 68. வயதுக்கு 0, வென்டிலேட்டர் காலத்துக்கு 3, நோய்க்கு 3, தசைத் தளர்வுக்கு 1, அழுத்தத்துக்கு -1. மொத்தம் 6. பிழைத்தவர்கள் 92 சதவீதமாக இருந்த குழுவில் அவர் வருகிறார்.

அதே நபரை ஒன்பது நாட்கள் வென்டிலேட்டரில் வைத்திருந்து அதன் பிறகு எக்மோவுக்குக் கொண்டுவந்தால், மற்ற எல்லாம் மாறாமலிருந்தாலும் மொத்தம் 3 ஆகிறது, சதவீதம் 76. அவருக்கே 62 வயது என்றால் மொத்தம் 0, சதவீதம் 57. அத்தோடு பக்கவாதமும் வந்திருந்தால் -7 ஆகிவிடும், சதவீதம் 18. நோய் அதேதான், கருவியும் அதேதான்.

வென்டிலேட்டரில் எத்தனை நாள் இருந்தார் என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முதல் பதிலில் சொன்னதுபோல, உயர் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் நாளாக ஆக நுரையீரலையே காயப்படுத்துகின்றன. வீங்கிய திசு ஒரு கட்டத்துக்குப் பிறகு தழும்பாக இறுகத் தொடங்கும். அந்த நிலையில் எக்மோ வாங்கித் தரும் அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள நுரையீரலில் மீளக்கூடிய பகுதி குறைந்துபோயிருக்கும். நீண்ட நாள் படுக்கையில் கிடந்ததால் வேறு தொற்றுகளும் சேர்ந்திருக்கும், தசைகளும் வலுவிழந்திருக்கும்.

மதிப்பெண்ணில் உள்ள பன்னிரண்டில், முடிவெடுப்பவர்களின் கையில் ஓரளவாவது இருப்பது இந்த நாட்கணக்குதான். வயதை மாற்ற முடியாது. எக்மோ வசதியுள்ள மருத்துவமனைக்கு எப்போது தகவல் சொல்வது என்பதை மாற்றலாம். “இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்” என்று சொல்லப்படும்போது, “அந்த மையத்தோடு இப்போதே பேசிவைக்கலாமா?” என்று கேட்பதில் தவறே இல்லை. பேசுவதால் உடனே எக்மோ வைத்துவிட மாட்டார்கள்.

ஆஸ்துமாவுக்கு மட்டும் 11 மதிப்பெண்ணா? பைகார்பனேட் கொடுத்தால் குறைகிறதே, கொடுக்காமல் விட்டால் நல்லதா?

கடுமையான ஆஸ்துமாவில் நுரையீரல் திசு அழிவதில்லை. மூச்சுக்குழாய்கள் இறுகி, கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. மருந்துகள் வேலை செய்து குழாய்கள் தளரும்வரை எக்மோ அந்த வாயுவை வெளியேற்றிக் கொடுத்தால், பெரும்பாலோர் சில நாட்களில் மீண்டுவிடுகிறார்கள். அதனால்தான் 11.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. மதிப்பெண்ணில் இடம்பெறுபவை எல்லாம் அடையாளங்கள்; அவை எல்லாமே காரணங்கள் ஆகிவிடா. பைகார்பனேட் கொடுக்க வேண்டி வந்தது என்றால், உடலில் அமிலம் அந்த அளவுக்கு ஏறியிருந்தது என்று பொருள். நோயாளியைப் பின்னுக்கு இழுத்தது அந்த நிலைமை. மருந்தை நிறுத்தினால் தாளில் எண் உயரும், நோயாளியின் நிலை உயராது. தசைத் தளர்வு மருந்துக்குக் கூடும் 1 மதிப்பெண்ணையும் இப்படியே படிக்க வேண்டும். எக்மோவுக்கு முன் வென்டிலேட்டர் சிகிச்சை முழுமையாகச் செய்யப்பட்டது என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

76 சதவீதம் என்றால் என் அப்பா பிழைத்துவிடுவார் என்றுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் அப்பாவைப் போன்ற மதிப்பெண் பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ 76 பேர் வீடு திரும்பினார்கள், 24 பேர் திரும்பவில்லை. உங்கள் அப்பா அந்த 76இல் ஒருவரா, 24இல் ஒருவரா என்பதை மதிப்பெண் அறியாது. 18 சதவீதம் என்று கேட்டு மனம் உடைந்துபோகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: அந்தக் குழுவிலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் உயிருடன் வெளியே போயிருக்கிறார்கள்.

மருத்துவர் சொல்லும் எண் ஒரு கூட்டத்தைப் பற்றிய உண்மை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார், எந்த ஆண்டுகளில், எந்த நாடுகளில் இருந்தார்கள் என்று கேட்கும்போதுதான் அந்த எண்ணுக்கு உயிர் வருகிறது. அதைத் துல்லியமான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் குடும்பமும், வெறும் எண்தானே என்று தள்ளிவிடும் குடும்பமும் ஒரே அளவுக்குத் துன்பப்படுவதைப் பார்க்கிறேன்.

இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் சரியாக இருந்திருக்கிறது?

இதை அளக்க ஒரு முறை உண்டு. பிழைத்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் எடுத்து, அவர்களில் யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று பார்ப்பார்கள். இப்படிப் பல இணைகளைப் பார்த்தபோது, ரெஸ்ப் உருவான அதே நோயாளிகளிடையே நூற்றுக்கு 74 முறை பிழைத்தவருக்கே அதிக மதிப்பெண் இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 முறை சரியாக வரும் என்பதை நினைவில் வைத்தால், 74 என்பது பயனுள்ளது, ஆனால் உறுதியானதல்ல.

பிரான்சின் மூன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 140 நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது நூற்றுக்கு 92 முறை அப்படி இருந்தது. அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. 140 பேர் சிறிய எண்ணிக்கை. வேறு மையங்களில் எல்லா முறையும் அவ்வளவு நல்ல முடிவு வரவில்லை.

இன்னொரு டாக்டர் வேறு ஒரு மதிப்பெண்ணைச் சொல்லி வேறு சதவீதம் சொல்கிறாரே? யாரை நம்புவது?

இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். முன்பு சொன்ன அதே 140 பிரெஞ்சு நோயாளிகளிடமிருந்து 2013இல் உருவானது பிரிசர்வ் மதிப்பெண். அது கணிப்பது ஆறு மாதங்களுக்குப் பிறகு உயிருடன் இருப்பதை. ரெஸ்ப் கணிப்பது மருத்துவமனையை விட்டு உயிருடன் வெளியேறுவதை. பிரிசர்வ் எட்டு விவரங்களைப் பார்க்கிறது. அவற்றுள் குப்புறப் படுக்கவைத்துச் சிகிச்சை அளித்தார்களா என்பதும், மற்ற உறுப்புகளின் பாதிப்பைக் கூட்டிச் சொல்லும் சோஃபா எண்ணும் உண்டு. 0 முதல் 2 வரை பெற்றவர்களில் 97 சதவீதமும், 7 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 16 சதவீதமும் ஆறு மாதம் கடந்து உயிருடன் இருந்தார்கள். ஆக, அங்கே எண் கூடுவது கெடுதல். ரெஸ்ப் மதிப்பெண்ணில் எண் கூடுவது நல்லது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கலங்கிய குடும்பங்கள் உண்டு.

பிரிசர்வ் கணக்கில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பருமனானவர்களின் நுரையீரல் உடலின் எடையால் அமுங்குவதால், சேதம் குறைவாக இருக்கும்போதே ஆக்சிஜன் இறங்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். குண்டாக இருப்பதால் எக்மோ பயன்படாது என்று யாராவது சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இவை தவிர, எச்1என்1 நோயாளிகளை வைத்து இத்தாலியில் உருவான எக்மோநெட், ரத்த அழுத்தம், லாக்டேட், பிஎச், தட்டணுக்கள் போன்றவற்றைப் பார்க்கும் பிரிசெட் ஆகியவையும் உள்ளன.

கோவிட் நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தியதா?

சரிவரப் பொருந்தவில்லை. ரெஸ்ப் மதிப்பெண் 2012 வரையிலான நோயாளிகளிடமிருந்து பிறந்தது. கோவிட் வேறுவிதமாக நடந்துகொண்டது. எக்மோவில் இருந்த காலம் நீண்டது, ரத்தம் உறைவது அதிகமாக இருந்தது. கோவிட் நோயாளிகளில் பிழைப்பவரையும் இறப்பவரையும் இந்த மதிப்பெண்ணால் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை என்று பல மையங்கள் தெரிவித்தன.

இன்னொரு தகவல் மனத்தில் நிற்க வேண்டியது. எல்சோ பதிவேட்டின் கணக்குப்படி, தொற்றின் தொடக்கத்திலேயே கோவிட்டுக்கு எக்மோ செய்யத் தொடங்கிய மருத்துவமனைகளில், 2020 மே 1 வரை எக்மோ பெற்றவர்களிடையே 90 நாள் இறப்பு விகிதம் 36.9 சதவீதமாக இருந்தது. அதே மருத்துவமனைகளில் அதற்குப் பின் எக்மோ பெற்றவர்களிடையே அது 51.9 சதவீதமாக உயர்ந்தது. அனுபவம் கூடியும் முடிவு மோசமானது. ஸ்டீராய்டு மருந்தால் மற்றவர்கள் முன்பே தேறிவிட, அதற்கும் கட்டுப்படாதவர்களே எக்மோவுக்கு வந்தார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியாயினும், வந்து சேரும் நோயாளிகள் மாறினால் பழைய சதவீதம் செல்லாது.

வெளிநாட்டுக் கணக்கு நம் ஊர் நோயாளிகளுக்கு எப்படிச் சரியாகும்?

நியாயமான சந்தேகம். அந்தப் பதிவேட்டின் பெரும்பகுதி வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் மருத்துவமனைகளைச் சேர்ந்தது. நம்மிடம் நுரையீரலைச் செயலிழக்கச் செய்பவற்றில் எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல், டெங்கு, மலேரியா எல்லாம் உண்டு. இவற்றுக்கென்று ரெஸ்ப் மதிப்பெண்ணில் தனி இடமில்லை. பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்தவர்களின் நுரையீரல் சில வாரங்களில் தழும்பாக மாறிவிடுகிறது. அங்கே அவகாசம் கொடுத்தாலும் நுரையீரல் திரும்புவது அரிது என்பதால், மாற்று நுரையீரலுக்கு வழியிருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கும். உண்ணிக் காய்ச்சலோ அப்படியல்ல. சரியான மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் தொற்று என்பதால், காலத்தோடு கண்டுபிடித்தால் நுரையீரல் மீள நல்ல வாய்ப்பு உண்டு.

ஆகவே நம் மருத்துவர்கள் மதிப்பெண்ணை ஒரு தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, நோயின் தன்மையைத் தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

எந்த ஆஸ்பத்திரியில் வைக்கிறார்கள் என்பது மதிப்பெண்ணில் வருகிறதா?

வருவதில்லை, ஆனால் அது முக்கியம். 2015இல் வெளியான எல்சோ பதிவேட்டு ஆய்வொன்றில், ஆண்டுக்கு 30க்கு மேல் பெரியவர்களுக்கு எக்மோ செய்த மருத்துவமனைகளில், ஆண்டுக்கு ஆறு பேருக்கும் குறைவாகச் செய்த மருத்துவமனைகளைவிட இறப்பு குறைவாக இருந்தது. 2014இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, ஒரு மையம் ஆண்டுக்குக் குறைந்தது 20 எக்மோ செய்வது விரும்பத்தக்கது என்றது. குழாய் விலகுவதையும், ஆக்சிஜனேட்டரில் ரத்தம் உறைவதையும் நள்ளிரவில் கண்டு உடனே சரிசெய்யும் செவிலியர்களும் பெர்ஃப்யூஷனிஸ்டுகளும் (எக்மோ கருவியை இயக்கும் வல்லுநர்கள்) இருப்பதும் இல்லாதிருப்பதும் உயிர் விஷயம். “ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இங்கே எக்மோ வைக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்கள்?” என்று மரியாதையுடன் கேளுங்கள். நல்ல மையம் அதற்குப் பதில் சொல்லும்.

எக்மோ வைத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. இப்போது மறுபடி மதிப்பெண் போட்டுப் பார்க்கலாமா?

ரெஸ்ப், பிரிசர்வ் இரண்டும் எக்மோவுக்கு முந்தைய நிலையை வைத்து உருவானவை. பத்தாவது நாளின் எண்களை அவற்றில் இட்டால் வரும் விடைக்குப் பொருளில்லை. தொடங்கிய பிறகு பார்க்க வேண்டியவை வேறு: மார்பு எக்ஸ்ரே தெளிகிறதா, அதே அழுத்தத்தில் நுரையீரல் முன்பைவிட அதிகக் காற்றை வாங்குகிறதா, எக்மோவின் பங்கைக் குறைத்தால் ஆக்சிஜன் நிற்கிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுக்கப்படுவதால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து எப்போதும் உண்டு. அது நேர்ந்தால் முன்பு சொன்ன சதவீதம் எதுவும் நிற்காது. பல வாரங்கள் எக்மோவில் இருந்தும் நுரையீரல் மீண்டவர்கள் இருக்கிறார்கள். நாட்கணக்கை மட்டும் பார்த்து நம்பிக்கையை விட வேண்டியதில்லை.

எக்மோ வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த மதிப்பெண் சொல்லுமா?

சொல்லாது. இதில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். ரெஸ்ப் மதிப்பெண்ணில் இருக்கும் 2,355 பேரும் எக்மோ பெற்றவர்கள். பெறாதவர் ஒருவரும் அதில் இல்லை. 92 சதவீத வாய்ப்புள்ள ஒருவர் எக்மோ இல்லாமலும் பிழைத்திருக்கக்கூடும். 33 சதவீத வாய்ப்புள்ளவருக்கு எக்மோ இல்லாவிட்டால் வாய்ப்பே இருந்திருக்காமலும் போகலாம். மதிப்பெண் அதிகமாக இருப்பதால் எக்மோவின் பயனும் அதிகம் என்று சொல்ல முடியாது.

பயனை அறிய ஒப்பீட்டு ஆய்வுகள் வேண்டும். 2009இல் வெளியான இங்கிலாந்தின் சீசர் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்ப ஒதுக்கப்பட்டவர்களில் 63 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 47 சதவீதமும் ஆறு மாதத்தில் கடும் ஊனமின்றி உயிருடன் இருந்தார்கள். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் கால் பங்கினருக்கு உண்மையில் எக்மோ வைக்கப்படவே இல்லை. இரண்டாவது பதிலில் குறிப்பிட்ட எயோலியா ஆய்வில் 249 பேர் இருந்தார்கள். 60 நாளில் எக்மோ குழுவில் 35 சதவீதமும் மற்றக் குழுவில் 46 சதவீதமும் இறந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலானது அல்ல என்று நிறுவும் அளவை எட்டவில்லை. மற்றக் குழுவில் 28 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமானதால் பின்னர் எக்மோ வைக்க வேண்டியிருந்ததும் ஒப்பீட்டைக் கலக்கிவிட்டது. என் வாசிப்பில், தகுந்தவருக்குத் தகுந்த நேரத்தில் வைத்தால் எக்மோ உயிர் காக்கிறது என்பதற்கு இவை போதிய ஆதாரம்.

“பிழைத்தார்” என்றால் பழையபடி ஆகிவிடுவாரா?

பிரிசர்வ் ஆய்வில் பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மாதங்கள் கடந்து தொடர்புகொண்டு கேட்டபோது, 34 சதவீதம் பேரிடம் பதற்றமும், 25 சதவீதம் பேரிடம் மனச்சோர்வும், 16 சதவீதம் பேரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலும் காணப்பட்டன. உடல் வலிமை திரும்பவும் மாதங்கள் பிடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபியும் மனநல ஆலோசனையும் சிகிச்சையின் தொடர்ச்சியே.

மதிப்பெண் குறைவு, செலவும் அதிகம். வீட்டை விற்றாவது செய்யலாமா, வேண்டாமா?

இதற்கு மதிப்பெண்ணில் பதில் இல்லை. மதிப்பெண்ணை உருவாக்கியவர்களும் ஒரு நோயாளிக்கு எக்மோவை மறுக்க அதை மட்டும் பயன்படுத்தச் சொல்லவில்லை. எண் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மீளமுடியாத மூளைச் சேதத்தால் குறைந்திருந்தால், எக்மோ வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதில் நியாயம் உண்டு. 60 வயதும், எட்டு நாள் வென்டிலேட்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் பேச இடமிருக்கிறது. எவ்வளவு நாள் வரை முயல்வது, எது நேர்ந்தால் நிறுத்துவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவக் குழுவோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளும்படி நான் வற்புறுத்திச் சொல்வேன். செலவுக்கு ஒரு வரம்பு வைப்பதால் யாரும் அன்பில்லாதவர் ஆகிவிட மாட்டார்.

முதலில் 76 சதவீதம் என்றார்கள், இப்போது நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

76 என்பது தொடங்கும் முன் தெரிந்ததை வைத்துச் சொன்னது. அதன் பிறகு மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம்; நுரையீரல் முழுவதும் தழும்பாகி, மாற்று நுரையீரலுக்கும் உடல் தகுதி இழந்திருக்கலாம். அப்போது அவகாசம் வாங்கினாலும் மீள்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. என்ன மாறியது, எந்தப் பரிசோதனையில் அது தெரிந்தது என்று கேட்டு, அந்த ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் மீளமுடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதித்து, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. முதன்மைக் குழு, இரண்டாம் குழு என இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தினரின் சம்மதமும் வேண்டும். ஆகவே ஒரு மருத்துவர் வராண்டாவில் நின்று கேட்டவுடன் ஆம், இல்லை என்று சொல்லிவிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உட்கார்ந்து பேச ஓர் அறையும், குடும்பத்தில் மற்றவர்கள் வந்துசேரும் வரை நேரமும் கேளுங்கள்.